மண்ணை மிதிக்காத மருமகன்

ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, செம்மணல்விளை ஊருக்குள், தரையிலிருந்து ஏழடி உயரத்தில், ஆதிலிங்கத்தின் மூத்த மருமகன் சேர்மத்துரை மோட்டார் சைக்கிளோடு அந்தரத்தில் நின்றுபோனபோது, டீக்கடை ஞானப்பூ கேட்ட முதல் கேள்வி, "மருமவனே, டீக்குச் சீனி போடவா, கருப்பட்டி போடவா?" என்பதுதான். கேட்ட கையோடு அவள் தொரட்டிக் கம்பைத் தேடப் போனாள். அவ்வளவு உயரத்துக்கு டீயை எட்டிக் கொடுக்க வேண்டுமே.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன் ஏன் அங்கே போய் நின்றான் என்று என்னைத்தான் பிடித்து நோண்டுவீர்கள். தை மாதம் ஆதிலிங்கத்தின் இளைய மகளுக்குக் கல்யாணம். சேர்மத்துரை தூத்துக்குடியில் ஒரு உப்புக் கம்பெனியில் ஃபிட்டர், கை சுத்தமான வேலைக்காரன், கோபம் மட்டும் மூக்கு நுனியில். புதுப் பட்டுச் சட்டையும் வேட்டியுமாக, ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி சுயம்புக்கனியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிக்கொண்டு பந்தலுக்குள் நுழைகிறான். வாசலில் மாமனார் நிற்கிறார். அவனுக்கு முன்னால் போன சொசைட்டி கிளார்க்குக்கு "வாங்க வாங்க" என்று இரண்டு தடவை சொன்ன மனிதர், இவன் வந்து நின்றபோது தலையை மட்டும் ஆட்டினார். வேறொன்றுமில்லை, அந்த இடைவெளியில் யாரோ ஒரு வெற்றிலையை மடித்துக் கொடுக்க, அதை அவர் வாயில் போட்டு நன்றாகக் குதப்பிவிட்டார். வாய் நிறையச் சாறு, துப்புவதற்கு இடமில்லை, பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை பாழ். அதனால் தலையை ஆட்டினார். மூன்று தடவை ஆட்டினேன் என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், வாசலில் நின்றவனை "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையென்றால் அது மூன்று தலைமுறைக்குப் பேச்சு. சேர்மத்துரை அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றான், பின்னால் வந்தவர்கள் அவனை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள், அவன் முகம் சிவந்தது, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த இருநூறு பேர் கேட்கும்படியாகத் தொண்டை கிழியக் கத்தினான்: "இனிமே இந்த ஊர் மண்ணை நான் மிதிச்சா, என்னை ஏன்னு கேளுங்க!" சொன்னவன் அப்படியே திரும்பி நடந்தான். கல்யாண மாப்பிள்ளைகூட மாலையோடு எழுந்து வந்து கூப்பிட்டுப் பார்த்தான். போனவன் போனவன்தான்.

ஆதிலிங்கமும் லேசுப்பட்டவர் இல்லை. விளக்கம் சொல்லப் போனால் தன் மரியாதை போய்விடும் என்று நினைத்தார். ஆகவே மருமகன் அங்கே விறைத்துக்கொண்டு இருந்தான், மாமனார் இங்கே முறைத்துக்கொண்டு இருந்தார், நடுவில் சுயம்புக்கனி வயிற்றைத் தூக்கிக்கொண்டு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சேர்மத்துரை அவளைக் காரில் எல்லைக்கல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, காரிலிருந்து காலை வெளியே வைக்காமலே திரும்பிப் போனான். பிறந்த பிள்ளை அதற்கு மேல் அவசரக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நிற்பதற்குள், ஊர் நர்ஸம்மா கையிலேயே வைகாசி மாதத்து ஒரு மத்தியான வேளையில் பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அங்கே போயாவது பார்த்திருப்பான். இப்போது பிள்ளைக்கு அறுபத்தொரு நாள். பெற்ற தகப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

"போட்டோவாவது அனுப்பு கனி" என்று தினமும் போனில் கெஞ்சுவான்.

"அனுப்ப மாட்டேன். கண்ணு இருக்குல்ல, வந்து பாருங்க."

"யார் சாயல்னாவது சொல்லேன்."

"வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அவள் ஆதிலிங்கத்தின் மகள் இல்லையா.

இந்தச் சமயத்தில்தான் சேர்மத்துரைக்குத் தேரிக்காட்டில் வண்டி ஓட்டும் பைத்தியம் பிடித்தது. தேரி என்றால் வேறொன்றுமில்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு மணல், மேடும் பள்ளமுமாக, நடுவே நடுவே பனையும், முந்திரி காய்க்கிற கொல்லாமரமும், முள் நிறைந்த ஓடைமரமும். ரோடு என்று எதுவும் கிடையாது. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயரோடு உயரமான ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, முழங்காலுக்கு வரும் பூட்ஸும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, டைட்டஸ், ஜெபசிங் என்ற இரண்டு சிநேகிதர்களையும் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மணலில் ஏறி இறங்கினான். வண்டியை அவன் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, இவன் பெண்டாட்டியை மறந்துவிட்டான் என்றுதான் தெருவில் பேசினார்கள். உண்மை என்னவென்றால், தேரியின் கிழக்குக் கோடியில் கடைசி மேட்டுக்கு அந்தப் பக்கம் செம்மணல்விளை இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு மேடு கூடுதலாகப் போவான். கடைசி மேட்டுக்கு முந்தின மேட்டில் வண்டியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். ஒரு வாரம் காற்று ஒரு பிள்ளையின் அழுகையைக் கொண்டுவந்து போட்டது. அது யார் வீட்டுப் பிள்ளையோ, அவனுக்கு அந்த வாரம் முழுக்க அது போதுமானதாக இருந்தது.

நான் சொல்லிக்கொண்டிருக்கிற ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததே கோளாறாகத்தான் விடிந்தது. இருபத்தேழு உதை உதைத்த பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆனது. தேரிக்குள் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் ஜெபசிங் வண்டியின் பின் டயரில் ஓடைமுள் ஏறியது. பஞ்சர் பார்க்கிற பையை எடு என்றால், டைட்டஸ் அதை வீட்டில் வைத்துவிட்டு அதே நிறத்தில் இருந்த புளியோதரைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சரி, வந்ததற்குச் சாப்பிடுவோம் என்று பிரித்தால் புளியோதரைக்குள் மணல். டைட்டஸின் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி எஞ்சின் வரைக்கும் புதைந்தது. மூன்று பேரும் மூச்சுப் பிடித்து இழுத்ததில் கண்ணாடி மட்டும் கையோடு வந்தது. அதன் கிளட்ச் கேபிளும் அறுந்தது. எங்கிருந்தோ ஒரு ஆட்டு மந்தை வந்து நடுவில் புகுந்து, ஒரு கிடா சேர்மத்துரையை மட்டும் குறி வைத்து இரண்டு தடவை முட்டியது. போனில் சார்ஜ் போயிற்று, தண்ணீர்க் கேன் ஒழுகியது, கொல்லாமரத்தடியில் ஒதுங்கிய டைட்டஸின் உதட்டில் குளவி கொட்டி அது இட்லியாக வீங்கிக்கொண்டது.

"ஏல, இன்னைக்கு நம்ம முழிச்ச முகம் சரியில்லல. வா, வீட்டுக்குப் போவோம்" என்றான் ஜெபசிங், ஒரு கையில் டைட்டஸையும் மறு கையில் வண்டியையும் தள்ளிக்கொண்டு.

"நீங்க மெயின் ரோட்டுக்குத் தள்ளிட்டுப் போங்கல. நான் போய் லோடு ஆட்டோ பிடிச்சிட்டு வாரேன்" என்று சேர்மத்துரை கிளம்பினான். மெய்யாகவே ஆட்டோ பிடிக்கத்தான் கிளம்பினான், அதில் கள்ளம் இல்லை. ஆனால் முந்தின நாள் இரவு முழுக்க அடித்த ஆடிக்காற்று, போன வாரத்து மேடுகளைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் கொட்டி வைத்திருந்தது. மேற்கே போகிறேன் என்று நினைத்துக் கிழக்கே போனான். போகிற வழியில் பின் பிரேக் மிதி ஒடிந்து விழுந்தது. முன் பிரேக்கைப் பிடித்தான், அது கையோடு வந்தது. ஆக்சிலரேட்டருக்குள் மணல் புகுந்து, முறுக்கின முறுக்கு முறுக்கினபடியே நின்றது. வண்டி அலறிக்கொண்டு ஒரு செங்குத்தான மேட்டில் ஏறியது, உச்சிக்கு வந்தது, உச்சியில் தேரிப் பக்கத்து எல்லைக்கல் நின்றது, அதற்குக் கீழே ஊர் கிடந்தது.

அந்தக் கண நேரத்தில் அவனுக்கு உயிர்ப்பயமே வரவில்லை. "ஐயோ, மண்ணை மிதிச்சிருவேனே!" என்றுதான் நினைத்தான். வண்டி மேட்டிலிருந்து எகிறி, ஞானப்பூவின் டீக்கடைக் கூரையைத் தாண்டி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், அங்கேயே நின்றுவிட்டது.

டீயைத் தொரட்டியில் மாட்டி மேலே நீட்டிய ஞானப்பூ, "எட்டுதா மருமவனே? சிந்தாம பிடிங்க, கீழ என் தலை இருக்கு" என்றாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு டீயைக் குடித்தான். அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு தொண்டையில் இறங்கிய அந்த முதல் மடக்குக்கு அவன் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு வீட்டு மருமகன் ஊருக்கே மருமகன் என்பதால், சர்ச்சிலிருந்து ஆராதனை முடிந்து வந்த கூட்டமும், ஐயனார் கோயில் பக்கமிருந்து வந்த கூட்டமும், அவனைப் பார்த்ததும், "என்ன மருமவனே, இப்பத்தான் வாரியளா?", "தூத்துக்குடியில மழை உண்டா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே என்ன செய்வது என்று யோசித்தது.

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் காற்று அவனைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தது. எஞ்சின் பெட்ரோல் தீர்ந்து அணைந்தும் வண்டி இறங்கவில்லை. மெதுவாக, அது பாட்டுக்கு, ரேஷன் கடைப் பக்கம் நகர்ந்தது. "பிடிங்கல, விட்டா கடலுக்குப் போயிருவாரு! அங்க மண்ணே கிடையாது, பொறவு இறங்கவே மாட்டாரு!" என்று யாரோ கத்த, கிணற்றுக் கயிற்றை வீசி அவனைப் பிடித்தார்கள். பத்து பேர் சேர்ந்து கீழே இழுத்துப் பார்த்தார்கள். பக்கவாட்டில் இழுத்தால் வண்டி கன்றுக்குட்டியாகக் கூடவே வருகிறது, கீழே இழுத்தால் ஏழடிக்கு ஒரு விரற்கடை குறையமாட்டேன் என்கிறது. ஏணி வைத்தார்கள். ஏணி எட்டியது, அவன் கால்தான் ஃபுட்ரெஸ்டை விட்டு எழும்பவில்லை.

"மண்ணை மிதிக்க மாட்டேன்னுதான சொன்னாரு? கீழ கட்டிலப் போடுங்க, கட்டில்ல இறங்கட்டும்" என்றார் ஒருவர். கட்டில் வந்தது, பலிக்கவில்லை. "பூட்ஸுதான் மிதிக்கும், அவரு எங்க மிதிக்காரு?" என்று இன்னொருவர் நியாயம் பேசினார், அதுவும் பலிக்கவில்லை. இவர் இப்போது ஊருக்குள் வந்ததாகக் கணக்கா, வராததாகக் கணக்கா என்று பெரிய வாக்குவாதம் மூண்டது. பிரசிடென்ட் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "பட்டாவுல மண்ணுதான் எழுதியிருக்கு, காத்து எழுதல. அதனால அவரு வரவும் இல்ல, வராம இருக்கவும் இல்ல." இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது. கைகூடத் தட்டினார்கள்.

அடுத்த சண்டை, அவனை எங்கே கட்டுவது என்பது. பஸ் ஸ்டாப்பில் கட்டினால் நிழலுக்கு நிழலாச்சு என்றது ஒரு கட்சி. அப்போது சேர்மத்துரையின் மாமியார் தங்கபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. "என் மருமவன் என் வீட்டுக்கு வந்திருக்காரு. பஸ் ஸ்டாப்புல கட்டுததுக்கு அவரு என்ன போஸ்டரா? என் வீட்டு முத்தத்துல கொண்டாந்து கட்டுங்க."

"முருங்கையில கட்டாதிய அக்கா, காத்துக்கு ஒடிஞ்சிரும். வேம்புல கட்டுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில், அவ்வளவு உயரத்தில் ஒரு ஃபிட்டர் சும்மா இருக்கிறானே என்று ஊருக்குத் தோன்றிவிட்டது. ஆறு மாதமாக எரியாத தெருவிளக்கைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னார்கள்; மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு வயரை முறுக்கிச் சரி செய்தான். சர்ச் வாசல் வளைவில் இருந்த குழாய் ஸ்பீக்கர் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதை நிமிர்த்தி இறுக்கினான். அதைப் பார்த்துவிட்டு ஐயனார் கோயில்காரர்கள் எங்கள் ஸ்பீக்கர் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கயிற்றைப் பிடுங்கி அந்தப் பக்கம் இழுத்தார்கள், அதையும் இறுக்கினான். ஒரு வீட்டு ஓட்டின் மேல் மூன்று வருடமாகக் கிடந்த பந்து இறங்கியது. ஒரு கிழவர் தன் குளியலறைக் கூரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்று சொல்லச் சொன்னார். ஒன்றும் சாகவில்லை, பாசிதான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறுக்கு, பனங்கிழங்கு, மோர் என்று தொரட்டியில் வந்தபடி இருந்தது. சேர்மத்துரைக்கு என்ன கொள்ளை சிரிப்பு! ஏழு மாதமாக இந்த ஊரை மனதுக்குள் போட்டு மிதித்துக்கொண்டிருந்தவன், இப்போது ஸ்பானரை வாயில் கடித்துக்கொண்டு, "அடுத்து யாரு, சீக்கிரம் வாங்க" என்று கூவிக்கொண்டிருந்தான்.

ஆனால் மாமியார் வீட்டு முற்றத்துக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. வேம்பில் கயிற்றைக் கட்டினார்கள். எதிரே ஓட்டுக்கூரை, கூரைக்குக் கீழே அறை, அறைக்குள் அவன் பிள்ளை. பிள்ளை சிணுங்குவது கேட்கிறது. ஊரில் உள்ள அத்தனை வீட்டுத் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தவனுக்கு, இருபது அடி தூரத்தில் கிடக்கிற தன் பிள்ளையைப் பார்க்க ஓடு மறைக்கிறது. கழுத்தை எந்தப் பக்கம் வளைத்தாலும் ஓடுதான் தெரிந்தது.

திண்டாடிக்கொண்டு இருக்கும்போது சுயம்புக்கனி வெளியே வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். இரண்டு சுற்றுப் பெருத்து, முகம் மஞ்சள் பூத்து, அவன் கல்யாணம் பண்ணின நாளில் இருந்ததைவிட அழகாக இருந்தாள்.

"சாப்ட்டியளா?"

"ம்... முறுக்கு."

"அம்மா கோழி அடிச்சிருக்கா. மேல வரும், சாப்பிடுங்க." திரும்பினாள்.

"கனி! பிள்ளையக் காட்டிட்டுப் போயேன்."

"பிள்ள கீழல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தூக்குச்சட்டியில் கோழிக்குழம்பும் சோறும் தொரட்டியில் ஏறி வந்தன. தங்கபுஷ்பம் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் சோறு போடவா? ஈரல் வந்துதா?" என்று கேட்டுக் கேட்டு அனுப்பினாள். குழம்பின் ருசியில் மனிதனுக்கு அழுகைதான் வந்தது. ஆதிலிங்கம் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டு, மேலே ஒன்றுமே இல்லாததுபோல வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் அவரை விடுமா? அந்தத் தை மாதத்துத் தலையாட்டல் "வாங்க" ஆகுமா ஆகாதா என்று அவர் காதுபடவே விவாதித்தார்கள். வாய் நிறைய வெற்றிலை இருந்த சங்கதி அப்போதுதான் வெளியே வந்தது, ஏனென்றால் அந்த வெற்றிலையை மடித்துக் கொடுத்த ஆளே கூட்டத்தில் நின்றான்.

"வெத்தலையா?" என்று சேர்மத்துரை மேலேயிருந்து கேட்டான். "மாமா, வெத்தலையா?"

ஆதிலிங்கம் வேலியைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

"பாத்தியளா, இன்னைக்கும் ஆட்டுதாரு பாருங்க!" என்று ஞானப்பூ தலையில் அடித்துக்கொண்டாள். முற்றமே கொல்லென்று சிரித்தது. தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. புருஷன் முன்னால் போய் நின்றாள். "பேத்திக்குத் தகப்பன் முகம் தெரியாம வளரணும்னு ஆசையா உங்களுக்கு?" என்று கேட்டாள், அவ்வளவுதான். கிழவர் எழுந்தார். வேலியோரம் போய் வெற்றிலையைத் துப்பினார். செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு நாலு தடவை கொப்பளித்தார். உள்ளே போய், கல்யாணத்தன்று போட்ட அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பொத்தானை எல்லாம் பூட்டிக்கொண்டு வந்து, வண்டிக்கு நேர் கீழே நின்று, இரண்டு கையையும் கூப்பி, "வாங்க மாப்பிள" என்றார்.

அத்தனை பேரும் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று ஆனது, மூன்றே கால் ஆனது. வண்டி ஏழடியிலேயே நின்றது.

சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். சரி என்று ஊரே சேர்ந்து, பாஸ்டரும் பூசாரியும் உள்பட, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, "வாங்க மருமவனே!" என்று கத்தியது. வேம்பிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்து போயின, வண்டி அசையவில்லை.

மாமனார் கை கூப்பி நிற்பதைச் சேர்மத்துரையால் பார்க்க முடியவில்லை. கோபம் எங்கே போனது என்று மனதுக்குள் தேடிப் பார்த்தான், ஒரு பொட்டுக்கூட மிச்சம் இல்லை. "மாமா, கையை இறக்குங்க மாமா. நான் எப்பவோ வந்துட்டேன். இந்தக் கால்தான் வரமாட்டேங்கு" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் விக்கி விக்கி அழுதான். உண்மையாகவே அவன் காலைத் தூக்கத்தான் பார்த்தான். இருநூறு பேர் முன்னால் விட்ட வார்த்தை அந்த இரண்டு பூட்ஸுக்குள்ளும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினதுபோல இறுகிக் கிடந்தது. அதை இறக்கி வைக்க மாமனாரால் முடியாது, ஊராலும் முடியாது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பயந்துபோனான். இப்படியே இருந்துவிட்டால்? பிள்ளைக்குப் பல் முளைத்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், "அந்தா மேல தொங்குதாருல்லா, அதுதான் எங்க அப்பா" என்று கூட்டாளிகளுக்குக் காட்டுகிற நாள் வரைக்கும் இப்படியே இருந்துவிட்டால்?

அப்போது சுயம்புக்கனி மறுபடியும் வெளியே வந்தாள். தோளில் ஒரு பழைய நூல் சேலை, கையில் ஒரு சின்னத் துணிமூட்டை. வண்டிக்குக் கீழே நாலு எட்டுத் தள்ளி, சேலையை நாலாக மடித்து மண்ணில் விரித்தாள், மூட்டையை அதில் கிடத்தினாள், துணியை விலக்கினாள், விலகி நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

சேர்மத்துரை பார்த்தான்.

இத்தனை நாளாக அவன் மனதுக்குள் எத்தனையோ முகம் வரைந்து வைத்திருந்தான், அதில் ஒன்றுகூட இது இல்லை. உள்ளங்கை அகல முகம். நெற்றி நிறைய முடி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. கையையும் காலையும் உதைத்துக்கொண்டு, வானத்தில் கறுப்பாகத் தொங்குகிற சாமானை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆராய்ந்தது. யார் சாயலும் இல்லை. புத்தம் புதுசாக இருந்தது. "ஏ..." என்றான் சேர்மத்துரை.

தேரிப் பக்கமிருந்து காற்று சுழன்று வந்தது. ஆடிக்காற்றுக்குப் பெரியவர், பிள்ளை என்று ஏது? ஒரு கை சிவப்பு மணலை அள்ளி முற்றத்தில் இறைத்தது. பிள்ளை ஒரு தும்மல் போட்டது, முகத்தைச் சுளித்தது, உதட்டைப் பிதுக்கியது, வீல் என்று அழுதது.

"பிள்ளையத் தூக்குங்க!" என்று சேர்மத்துரை கத்தினான். "மண்ணு விழுதுல்லா! யாராவது தூக்குங்களேன்!"

தங்கபுஷ்பம் ஓடினாள். "அம்மா, நில்லு" என்றாள் சுயம்புக்கனி. ஆதிலிங்கம் குனிந்தார். "அப்பா, தொடாதிய. தொட்டா நான் இந்த ஜென்மத்துல உங்ககூடப் பேச மாட்டேன்." ஊரே காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்தது, ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. சுயம்புக்கனிக்கும் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டுதான் இருந்தது, கட்டின கையை அவள் அவிழ்க்கவில்லை. பிள்ளை முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அழுகைக்கு வாயைத் திறந்தது.

"அடப்பாவிகளா, தூக்குங்களேன்! உங்களுக்கெல்லாம் மனசே..." என்று ஆரம்பித்தவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள் ஆள் கீழே இருந்தான்.

எப்படிக் குதித்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. பூட்ஸ் இரண்டும் ஃபுட்ரெஸ்டின் மேலேயே நின்றுவிட்டன, கால் மட்டும் உருவிக்கொண்டு வந்திருந்தது. செம்மணல்விளை மண்ணில் வெறுங்காலோடு, கணுக்கால் புதைய, தடால் என்று விழுந்தான். இடது கால் சுளுக்கிக்கொண்டது, அது அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது. முழங்காலால் தவழ்ந்து போய்ப் பிள்ளையை அள்ளினான். தூக்கத் தெரியவில்லை. "தலை, தலை! தலையைப் பிடிங்க!" என்று நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தலையைப் பிடித்தான். முகத்தில் விழுந்த மணலை ஊதினான். முழுநாள் புழுதியும், ஆட்டுக்கிடாய் முட்டின வீக்கமும், அழுத கண்ணுமாக இருந்த தகப்பன் முகத்தைப் பார்த்துப் பிள்ளை இன்னும் நாலு மடங்கு சத்தமாக அழுதது. அவன் சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். "ஆமாடா, ஆமாடா, அப்பன் கெட்டவன்தான், சும்மா அழு" என்று சொல்லிக்கொண்டு, மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

அப்போதுதான் கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. சுமை இறங்கிப்போன வண்டி மேலே எழும்பியது. வேப்பங்கிளை வளைந்தது, கயிறு படக்கென்று அறுந்தது. ஃபுட்ரெஸ்டில் இரண்டு பூட்ஸும் ஹேண்டில்பாரில் ஹெல்மெட்டுமாக, ஆள் இல்லாத வண்டி கூரை உயரத்துக்குப் போயிற்று, பனை உயரத்துக்குப் போயிற்று, காற்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிழக்குப் பக்கமாக, கடலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனது. சாயங்கால வெயிலில் டேங்க் பளபளவென்று மின்னியது. "போகுது போகுது!" என்று ஊரே தெருவுக்கு ஓடியது. ஆதிலிங்கம் அறுந்த கயிற்று நுனியைப் பிடிக்க வெள்ளைச் சட்டையோடு ஒரு குதி குதித்துப் பார்த்தார், எட்டவில்லை.

"ஏங்க" என்று சுயம்புக்கனி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க வண்டிங்க! அண்ணாந்து பாருங்க, போகுதுங்க!"

சேர்மத்துரை நிமிரவில்லை. பிள்ளையின் அழுகை விசும்பலாகக் குறைந்து, விசும்பல் பெருமூச்சாகி, இமை கனத்து மூடிக்கொண்டிருந்தது.

"கத்தாத கனி" என்றான், உதடு மட்டும் அசைய. "பிள்ள இப்பத்தான் கண் அசருது."